அமைதியாக இருந்தபடியால் நிராகரிக்கப்படுகிறது

காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பஞ்சமில்லை, பட்டுக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பஞ்சமே இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பங்களுக்கு ஓர் ஆதரவு மையம்தான் இல்லை என்று சென்னையில் யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த கையோடு ஒன்றைத் திறந்தும் விட்டார்கள். வேறு இடம் அகப்படாததால் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் திறந்தார்கள்.

முகூர்த்த நாளென்றால் கீழே கெட்டிமேளம். மேலே, மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டுகிற பிள்ளைகள். இதை யாராவது எடுத்துச் சொன்னால் மையத்தின் திட்ட இயக்குநர் கலைவாணன், "அது மங்கல ஓசைங்க. குழந்தைங்க பழகிக்கணும்" என்பார். முகூர்த்த நாட்களில் அவருக்குச் சென்னையில் ஆய்வுக் கூட்டம் இருக்கும். படிக்கட்டில் 'சத்தம் போடாதீர்கள்' என்று ஒரு பலகை உண்டு. எல்லோரும் பலகையைப் படிப்பதில்லை என்பதால் அதையே மைக்கிலும் அவ்வப்போது அறிவிப்பார்கள்.

மையத்தின் பெயர் 'மடிநிழல்'. முழுப்பெயர் வேண்டுமானால் 'மடிநிழல் ஆட்டிசக் குடும்பங்களுக்கான ஒருங்கிணைந்த சமூக அரவணைப்பு மையம்'. இதை வாயால் முழுதாகச் சொல்லி முடித்தவர் கலைவாணன் ஒருவர்தான்.

ஹனீஃபா பாய்க்கு அந்த ஒருங்கிணைப்பும் வேண்டாம், அரவணைப்பும் வேண்டாம். ஒரு வாரத்துக்கு வீட்டில் வந்து இருக்க ஒரு பெண் வேண்டும், அவ்வளவுதான்.

சின்ன காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் அவர். கிழிந்த புடவையிலிருந்து ஜரிகையைப் பிரித்து உருக்கக் கொடுப்பது தொழில். பாட்டி காலத்துப் புடவை என்று அசல் வெள்ளி ஜரிகைக்குக் கனவு கண்டு வருகிறவர்களிடம், தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது போலிமா" என்று சொல்கிற நேரங்கள்தான் அவருக்கு அந்தத் தொழிலிலேயே சங்கடமானவை. அவர் மகள் ரூக்ஷாருக்கு இருபது வயது. பேச்சு என்று பத்துப் பதினைந்து சொற்கள். பழைய புடவையின் கரையில் ஒரு துண்டு அவள் கையில் எப்போதும் இருக்கும். ஜரிகையின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே இருப்பாள். அது கையில் இருந்தால் கடைத்தெருவில் என்ன நடந்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. அது இல்லாவிட்டால் அவளைச் சமாதானப்படுத்த வானத்திலிருந்து மலக்குகள் இறங்கி வந்தாலும் முடியாது.

மனைவி நசீம் பானுவுக்கு மாதக்கணக்காக உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். "இன்னும் தள்ளிப்போட்டா உன்ன தூக்கிகினுதான் வருவாங்க" என்று கோபமாகவும் சொன்னார். ஒரு வாரம் வார்டில் படுக்க வேண்டும். ஹனீஃபா சமைப்பார், ஊட்டுவார், மகளைக் கூட்டிக்கொண்டு நடப்பார். ஆனால் இருபது வயதுப் பெண்ணைக் குளிப்பாட்டவும் மாதவிலக்கு நாளில் துணி மாற்றவும் அப்பன் என்ன செய்வான்? நசீம் பானுவின் தங்கை ஆம்பூரில் படுத்த படுக்கையான மாமியாரோடு மல்லுக்கட்டுகிறாள். அக்கம்பக்கத்தார் ரூக்ஷார் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், ஆனால் வாசற்படிக்கு வெளியே நின்றுதான்.

அப்போதுதான் மின்கம்பத்தில் அந்த நோட்டீஸ். 'இளைப்பாறல் சேவை: நீங்கள் ஓய்வெடுங்கள், உங்கள் பிள்ளையை எங்கள் பணிப்பெண் பார்த்துக்கொள்வார்.' பாய் அதைப் படித்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். அவசரப்பட்டு விட்டார்.

முதல் நாள் மையத்தின் எழுத்தர் மாணிக்கவேல் அவரை உட்காரவைத்தார்.

"இளைப்பாறல் சேவை வேணும் சார். ஊட்டுக்காரிக்கு ஆபரேஷன்."

"இருக்கட்டும் பாய், அதுக்கு இன்னா அவசரம்? மொதல்ல சால்வை வாங்கிக்குங்க."

பதிவு செய்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் கௌரவிப்பதுதான் மடிநிழலின் முதல் சேவை. இதுவரை தடையின்றி வழங்கப்பட்டிருக்கும் ஒரே சேவையும் அதுதான். கலைவாணன் வெளியே வந்து பாயின் தோளில் சால்வையைப் போர்த்தினார். பாயின் விரல் தன்னிச்சையாக அதைத் தடவிப் பார்த்தது. பட்டு விளைகிற ஊரில் சூரத் பாலியஸ்டர். பாய் மரியாதைக்குச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க பாய்" என்றார் போட்டோ எடுத்த மாணிக்கவேல். "கொஞ்சம் சோகமா பாருங்க. சிரிச்சா ரிப்போர்ட்ல போட முடியாது."

சேவை பெறுமுன் பெற்றோர் ஒரு பயிற்சி முடிக்க வேண்டும் என்பது விதி. பயிற்சியின் தலைப்பு 'குற்ற உணர்ச்சியைக் களைவோம்'. ஹனீஃபாவுக்கு அதுவரை அப்படி ஒன்று இருந்ததாக நினைவில்லை. பிள்ளை இப்படிப் பிறந்தாள், அல்லாஹ் கொடுத்தது, பார்த்துக்கொள்ள வேண்டியது என்று இருந்தார். போகாவிட்டால் சேவை கிடையாது என்பதால் போய் உட்கார்ந்தார்.

தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை எல்லாம் ஆனதும் கலைவாணன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பான பெற்றோர்களே! தெய்வக் குழந்தைகளைச் சுமக்கும் தெய்வங்களே! உங்களில் யாரும் குற்ற உணர்ச்சி கொள்ளக்கூடாது. சிலர் சொந்தத்தில் மணம் முடித்திருக்கலாம். அதற்காக வருந்தாதீர்கள். சில தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் டிவி சீரியல் பார்த்து அழுதிருக்கலாம். போனது போகட்டும். சிலர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச நேரமில்லாமல் தொழில் தொழில் என்று அலைந்திருக்கலாம். அந்தத் தந்தைகளையும் நாங்கள் மன்னிக்கிறோம்."

நசீம் பானு ஹனீஃபாவுக்கு மாமா மகள். கர்ப்ப காலத்தில் சீரியல் பார்த்தாள், அழவும் செய்தாள். தொழில் தொழில் என்று அலைந்தது அவரேதான். வெறுங்கையோடு உள்ளே போனவர் ஒரு பெரிய மூட்டையைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார். கலைவாணன் சொன்னதில் ஒரு வார்த்தைக்கும் எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார் என்பது பாய்க்குத் தெரியாது. அன்று இரவு சாப்பிடும்போது நசீம் பானு, "இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். "நம்ம மேல தப்பு இல்லன்னாங்க" என்றார் பாய். அவர் குரலைக் கேட்டு அவள் மறுசோறு போடாமல் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் நடிப்புப் பயிற்சி. பயிற்றுநர் தீபிகா, படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவள், நல்ல பெண்தான். பெற்றோர் தங்கள் பிள்ளையாக நடித்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் பிள்ளையின் உலகம் புரியும் என்றாள். ஹனீஃபா எழுந்து ரூக்ஷாராக நின்றார். கட்டைவிரலைச் சுட்டுவிரல் மேல் ஓட்டினார். தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார்.

"இல்ல அங்கிள், இப்டி பண்ண மாட்டாங்க" என்றாள் தீபிகா. "கைய இப்டி ஃப்ளாப் பண்ணணும்."

"எம் பொண்ணு இப்டித்தான்மா பண்ணுவா."

"ஸ்லைட்ல அப்டி இல்லயே அங்கிள்."

பாய் ஸ்லைடில் இருந்தபடி கையை அடித்துக் காட்டினார். கைதட்டினார்கள்.

பிறகு தாய் நேரில் வந்து களைப்பாக இருப்பதாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். நசீம் பானு ரூக்ஷாரை விட்டுவிட்டு வர முடியாது, அதற்காகத்தானே சேவையே கேட்கிறோம் என்றார் பாய். தாய் வராதது தாய்க்கு அக்கறையின்மை என்று பதிவானது. மறுமுறை மூன்று பேரும் வந்தார்கள். கணவன், மனைவி, மகள் மூவரும் ஒரே ஆட்டோவில் ஒற்றுமையாக வந்து இறங்கியதைப் பார்த்துக் கலைவாணன் நெகிழ்ந்துபோனார். "குடும்ப ஒத்துழைப்பு மிக நன்று" என்று பதிவானது. அதற்கு மதிப்பெண்ணில் கழிவு உண்டு என்பது பின்னால் தெரிந்தது. தேவையை அளக்கிற மதிப்பெண் அது. ஏறினால் சேவை, இறங்கினால் சால்வை.

மதிப்பீட்டுக் குழு வந்த நாள் காஞ்சிபுரத்தில் மின்தடை. கீழே கல்யாணமும் இல்லை. மைக் இல்லை, டியூப்லைட்டின் ரீங்காரம்கூட இல்லை. ஜன்னல் வழியாக வெயிலும் காற்றும் வந்துகொண்டிருந்தன. மடிநிழல் தன் வாழ்நாளில் முதல்முறையாக, அது யாருக்காகத் திறக்கப்பட்டதோ அவர்களுக்கு ஏற்ற இடமாக இருந்தது.

ரூக்ஷார் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். கரைத்துண்டில் விரலை ஓட்டினாள். ஏதோ மெட்டை முனகினாள். சென்னையிலிருந்து வந்த குழுத்தலைவரைப் பார்த்து ஒரு தரம் சிரிக்கக்கூடச் செய்தாள். இருபது வருஷத்தில் அவள் புது ஆளைப் பார்த்துச் சிரித்தது அபூர்வம். ஹனீஃபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் எதற்காக வந்தோம் என்பதே மறந்து அவர் சந்தோஷப்பட்டார்.

"பாத்தீங்களா!" என்று எழுந்து நின்றார் கலைவாணன். "மையத்துக்கு வந்து கொஞ்ச நாள்கூட ஆகல. எப்பிடி மாத்திட்டோம்!"

குழுத்தலைவர் எழுதிக்கொண்டார். பத்து நாளில் கடிதம் வந்தது. 'பயனாளி மதிப்பீட்டின்போது அமைதியாக இருந்தபடியால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தங்கள் மகிழ்ச்சியில் மடிநிழலும் பங்கு கொள்கிறது.' கூடவே மையத்தின் புது ஆண்டு நாட்காட்டி. ஜூன் மாதத்துக்கு மேலே ரூக்ஷார் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஜூன் மாதம் வருவதற்குள் நசீம் பானு குளியலறையில் மயங்கி விழுந்தாள். ரூக்ஷாருக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ரூக்ஷார் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. அம்மாவின் கன்னத்தில் ஜரிகைக் கரையை வைத்துத் தேய்த்துக்கொண்டு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ஹனீஃபா அப்படித்தான் இருவரையும் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா இந்த முறை திட்டவில்லை. அதுதான் ஹனீஃபாவுக்குப் பயமாக இருந்தது.

மறுநாளே மையத்துக்கு ஓடினார். மாணிக்கவேல் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேல்முறையீடு போடுங்க பாய். கமிட்டி மறுபடி வரும். ஆனா நான் ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க."

"சொல்லுங்க சார்."

"அழுத புள்ளதான் பாய் பால் குடிக்கும். போன தபா கமிட்டி முன்னால உங்க பொண்ணு சாமி சிலையாட்டம் உக்காந்துகினு இருந்துச்சு. அவங்களுக்கு இன்னா எழுதறதுனே தெரியல. படிவத்துல அமைதிக்குக் கட்டமே இல்ல."

"அதுக்கு நான் இன்னா சார் பண்றது? அதோட கொணம் அது."

"நீங்க அப்பா. உங்களுக்குத் தெரியாதா அது எதுக்கு அழும்னு?"

ஹனீஃபாவுக்குத் தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் அன்று கடைக்குப் போகாமல் சர்வதீர்த்தக் குளக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்படிச் செய்யக்கூடாது என்று நூறு காரணம் தோன்றியது. செய்துதான் ஆக வேண்டும் என்பதற்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது, அது வீட்டில் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தது.

இரண்டாம் மதிப்பீட்டுக்கு நசீம் பானுவால் வர முடியவில்லை. ஹனீஃபா மட்டும் ரூக்ஷாரைக் கூட்டிவந்தார். குழுவில் அதே மூன்று பேர், அதே மேசை. தீபிகா ஆவணத்துக்காகச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ரூக்ஷார் நாற்காலியை அடையாளம் கண்டுகொண்டு அதே மாதிரி காலை மடக்கி உட்கார்ந்தாள். இங்கே போன தடவை நன்றாக இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது போலிருக்கிறது.

குழுத்தலைவர், "இப்பவும் நல்லாத்தானே இருக்காங்க?" என்றார்.

ஹனீஃபா குனிந்தார். மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் இறுக்கவே இல்லை. அத்தா கேட்டால் கொடுக்கிறவள் அவள். மடித்துத் தருவார், துவைத்துத் தருவார், எப்போதும் திரும்பி வந்துவிடும். கரைத்துண்டை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். திருப்பித் தருவார் என்று காத்திருந்தாள். பாய் சுவரில் ஜூன் தாண்டியும் புரட்டாமல் கிடந்த நாட்காட்டியைப் பார்த்தார். அதிலும் அவளே இருந்தாள்.

பிறகு ஆரம்பித்தது.

அதை விவரமாக எழுத எனக்கு மனமில்லை. குழுவினர் விவரமாகவே எழுதினார்கள். "சத்தம்: அதிகம்னு போடலாமா, மிக அதிகம்னு போடலாமா?" என்று ஒருவர் கேட்டார். "இருங்க, இப்பதானே தொடங்கியிருக்கு" என்றார் இன்னொருவர். ரூக்ஷார் தன் மணிக்கட்டைக் கடித்தாள். "தன்னைத்தானே காயப்படுத்தல், ஆம்" என்று தலைவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு கட்டத்தில் குறி போட்டார். ஹனீஃபாவின் கை பைக்குள் போய்ப் போய்த் திரும்பியது. தலைவர் பக்கத்தைப் புரட்டி, "இன்னும் ஒரு பக்கம் இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றார். பாய் பொறுத்தார். பெற்ற மகள் தரையில் தலையை மோதிக்கொண்டிருக்க, ஒரு அதிகாரி பேனாவை மூடுவதற்காக அவர் பொறுத்துக்கொண்டு நின்றார். பேனா மூடியதும் துண்டை எடுத்து அவள் கையில் திணித்து, அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார்.

"அருமையான கேஸ்" என்றார் தலைவர், காதைக் குடைந்தபடி. "போன தடவையே இப்படி ஒத்துழைச்சிருக்கலாம்."

சேவை அனுமதிக்கப்பட்டது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று ஊரில் சொல்வார்கள். யாரைச் சொல்வார்களோ அந்த ஆள் தான்தான் என்று ஆட்டோவில் வரும்போது ஹனீஃபாவுக்குத் தோன்றியது. ரூக்ஷார் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். தள்ளி உட்கார்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

வீட்டில் நசீம் பானு மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சி?"

"கீழ கல்யாணம். நாதஸ்வரம்."

அவள் எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவினாள். அது ஆடி மாதம். ஆடியில் எந்த மண்டபத்தில் கல்யாணம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பாய்க்கு இருந்தது. அன்று முதல் கடையில் உட்கார்ந்தால் அவருக்குக் கரையைப் பிரிக்கக் கை வரவில்லை. யாராவது புடவையை நீட்டினால் வாங்குவதற்கு முன் ஒரு கணம் நின்றார்.

சேவையைச் சும்மா கொடுத்துவிட முடியாது. அதற்குத் தொடக்க விழா வேண்டும். விழாவுக்கு வராத பயனாளிக்குச் சேவை ரத்து என்பதால் நசீம் பானு மருந்து மாத்திரையோடு வந்தாள். மண்டபத்தையே வாடகைக்கு எடுத்து எங்கும் நீலத் துணி கட்டியிருந்தார்கள். ஆட்டிசத்தின் நிறம் நீலமாம். சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியதும் பத்தாயிரம் வாலா வெடித்தது. பம்பை, உடுக்கை, சிலம்பம். வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதோ, நமது தெய்வக் குழந்தைகள் தங்களுக்கே உரிய முறையில் விருந்தினருக்கு வணக்கம் செலுத்துகிறார்கள்" என்றார் கலைவாணன் மைக்கில். விருந்தினரும் பதிலுக்குத் தம் காதைத் தொட்டு வணங்கினார்.

நசீம் பானு தன் துப்பட்டாவால் ரூக்ஷாரின் தலையைச் சுற்றிக் காதோடு அணைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் பெரிய எல்இடி திரை. சோகமான வயலின் இசை ஆரம்பித்தது. திரையில் மாடி அறை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, காலை மடக்கி உட்கார்ந்த ரூக்ஷார் தெரிந்தாள். ஒரு கை வந்து அவள் விரல்களைப் பிரித்தது. அதை ஸ்லோமோஷனில் வேறு போட்டிருந்தார்கள்.

ஹனீஃபா நாற்காலி நுனிக்கு வந்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். இரண்டு பக்கமும் ஆட்கள். மாட்டிக்கொண்டோம், ஊர் பார்க்கட்டும், காறித் துப்பட்டும், அதுவும் நியாயம்தான் என்று தலையைக் குனிந்துகொண்டார். உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில், யாராவது துப்பினால் தேவலை என்றுகூட இருந்தது.

"பாருங்கள்!" என்றது மைக். "இந்தக் கை யாருடைய கை? ஒரு தந்தையின் கை! முதல் மதிப்பீட்டில் இந்தக் குழந்தை அமைதியாக இருந்து நம்மை ஏமாற்றிவிட்டது. அதனால் அரசின் பொன்னான நேரம் வீணானது. ஆனால் இந்தத் தந்தை சோர்ந்துவிடவில்லை. குழந்தைக்குள் ஒளிந்திருந்த தேவையைத் தம் கையாலேயே வெளியே கொண்டுவந்தார். பெற்றோர் பங்கேற்பு என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோமே, அது இதுதான். வரும் மாதம் முதல் எல்லாப் பெற்றோருக்கும் 'மதிப்பீட்டு முன்தயாரிப்புப் பயிற்சி' வழங்கப்படும். அதற்கு ஹனீஃபா பாய் கௌரவப் பயிற்றுநராக இருப்பார் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பாயை மேடைக்கு இழுத்துப் போய் நீலச் சால்வை போர்த்தினார்கள். அறுவை சிகிச்சைக்கான வாரத்துக்குப் பணிப்பெண் வருவாள் என்ற ஆணையை அட்டையில் பெரிதாக எழுதி, விருந்தினர் கையால் கொடுத்தார்கள். பாய் அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். திரையில் ரூக்ஷார் இன்னும் அலறிக்கொண்டிருந்தாள். கீழே உட்கார்ந்திருந்த ரூக்ஷார் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கையில் கரைத்துண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நசீம் பானுவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வெளியே நீர்மோர்ப் பந்தலில் ஒரு பெண் அவரை மறித்தாள். கூட ஒரு சிறுமி, எவர்சில்வர் ஸ்பூனை வெயிலில் திருப்பித் திருப்பி வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாய், நீங்கதான அது? திரையில வந்தது? நான் தாமல்ல இருந்து வரேன், ரேணுகாம்பாள். எம் பொண்ணையும் ரெண்டு தபா தள்ளிட்டாங்க. ஊட்ல கத்தறவ அங்க போனா சிரிச்சிகினு உக்காந்துடறா. எனக்கு இடுப்பெலும்பு போச்சி பாய், இவள தூக்க முடியல. இன்னா பண்ணணும், எப்ப பண்ணணும்னு சொல்லிக் குடுங்க. உங்க பயிற்சி வர்ற வரைக்கும் தாங்காது."

ஹனீஃபாவின் கண் தானாகவே அந்த ஸ்பூனுக்குப் போனது. போனதற்காகத் தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"வேணாம்மா. அது பாவம்மா."

"பாவம்னு எனக்குத் தெரியாதா பாய்?" என்றாள் அவள்.

ரூக்ஷாரோடு பின்னால் நின்ற நசீம் பானு முன்னால் வந்தாள்.

"அந்த ஸ்பூன்தான் தங்கச்சி" என்றாள். "ஊட்லயே வாங்கி வெச்சிட்டுப் போவாத. வழியிலயே அழுது ஓஞ்சி தூங்கிடும். உள்ள போயி அவங்க பேனாவத் தொறக்கட்டும், அப்புறம் வாங்கு. கேக்கும், குடுக்காத. முத்திரை குத்தற வரைக்கும் அது மூஞ்சியப் பாக்காத. பாத்தா குடுத்துடுவ."

ரேணுகாம்பாள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பெண்ணை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மடிநிழல் குழுவில் முத்திரை குத்துவதில்லை. கையெழுத்து மட்டும்தான். முத்திரை குத்துவது ஆஸ்பத்திரியில், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு. ஐந்து வருஷத்துக்கு முன் அதற்கு நசீம் பானுதான் ரூக்ஷாரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நசீம்" என்றார் ஹனீஃபா.

"பின்ன?" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "அட்டைய சும்மா எடுத்துக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சீங்களா? அன்னிக்கு உங்ககிட்ட இன்னா சொன்னேன்? ஊசி போட்டாங்க, அதான் பொண்ணு அழுதுச்சுன்னு சொன்னேன்."

ஒருவர் மேல் ஒருவர் கோபப்படக்கூட வழியில்லாமல் சாலையோரம் நின்றார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

சாலையைக் கடக்க ரூக்ஷாருக்கு இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். அவள் கரைத்துண்டை ஹனீஃபாவிடம் நீட்டினாள். அவர் கை எழவில்லை. அவள் தானே அவர் கையைத் தேடிப் பிடித்து, துண்டை உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு அந்தக் கையின் மணிக்கட்டையும் அம்மாவின் கையையும் பற்றிக்கொண்டு, போகலாம் என்பது போல இருவரையும் பார்த்தாள். நம்பிக் கொடுத்துவைக்க அவளுக்கு இவர்களை விட்டால் வேறு யாரும் இல்லை.